விடுமுறை: வாரமா, புள்ளியா?

ஓய்வு விடுதியின் ஓர் அறையைப் பல குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்துவதே நேரப்பகிர்வுத் திட்டமாகும். ஆயர் ஈத்தாமில் வாழும் ஒரு குடும்பம் கேமரன் மலையில் இவ்வாறு தங்க விரும்பினால், இரு முறைகள் உள்ளன. நிலையான வார முறையில், ஆண்டின் 52 வாரங்களுள் ஒன்று அதற்கு உறுதியாகும். ஆனால், தீபாவளி ஆண்டுதோறும் நாள் மாறும்; அவ்வாரம் மாறாது. புள்ளி முறையில் நாளைத் தேர்ந்தெடுக்கலாம். எனினும், பள்ளி விடுமுறையில் அதே அறைக்குக் கூடுதல் புள்ளிகள் தேவைப்படும். முன்பதிவும் விரைவில் நிறைந்துவிடும். எம்முறையாயினும், தங்காத ஆண்டிலும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த நேரிடும். இத்திட்டங்களை மலேசிய நிறுவன ஆணையம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கண்காணிக்கிறது. ஆயினும், ஒப்பந்தம் பல ஆண்டுகள் நீடிப்பதால், அதன் காலத்தையும் கட்டணங்களையும் படித்தறிந்த பின்னரே பயனீட்டாளர் கையொப்பமிட வேண்டும்.