பண்ணையமும் பார்மும்

நாமக்கல் பக்கம் யாராவது "அவங்களுக்கு பார்ம் இருக்குது" என்றால் எத்தனை ஏக்கர் என்று கேட்காதீர்கள். எத்தனை கோழி என்று கேளுங்கள். இங்கே பார்ம் என்றால் லேயர் ஷெட். கம்பிக் கூண்டு, சரிவில் உருண்டு வரும் முட்டை, விடிந்ததும் ரேட் பார்க்கும் செல்போன்.

அம்மாவைப் பெற்ற அப்பிச்சி காலத்தில் இந்தச் சொல் கிடையாது. "பண்ணையம் பாக்கறோம்" என்பார். உழவு, மாடு, கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பது, ஆள் கூட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். நிலத்துக்கு ஒற்றைப் பெயர் இல்லை. வானம் பார்த்தது காடு, கிணறு இருந்தால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல். "காட்டுக்குப் போறேன்" என்றால் வெளியூர்க்காரர் மிரளுவார். அங்கே இருப்பது கம்பும் கடலைக்காயும்தான். கோழி பண்ணையத்தில் சேர்த்தியே இல்லை. வாசலில் மேய்ந்து ராத்திரி பஞ்சாரத்தில் அடைந்தது. முட்டைக் காசு அம்மிச்சியின் சுருக்குப்பைக்குப் போனது.

பண்ணையம் என்றால் எல்லோருக்கும் இனிக்காது. வருசக் கூலிக்குப் பண்ணையத்தாளாக இருந்தவர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ருசியே வேறு.

ஆங்கிலத்தில் பார்ம் என்ற சொல்லுக்கும் முதலில் நிலம் என்று பொருள் இல்லை. லத்தீனில் 'பிர்மா', பிரெஞ்சில் 'பெர்ம்': பேசி முடித்த தொகை, நம் குத்தகைப் பணம் மாதிரி. பிறகு குத்தகை நிலத்துக்கும், அப்புறம் எந்த விளைநிலத்துக்கும் அதுவே பெயரானது. வரி வசூலைக் குத்தகைக்கு எடுப்பதையும் வெள்ளைக்காரர் இதே சொல்லால்தான் குறித்தார்கள். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நடுவில் குத்தகைக்காரர் இல்லாமல் உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையை இங்கே தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குள் சேலம் மண்ணை மிட்டா என்ற ஜமீன் துண்டுகளாக அறுத்து ஏலம் விட்டது அதே கம்பெனி.

இப்போதைய பார்ம் வறட்சியில் முளைத்தது. மழை ஏமாற்றும் ஊருக்குக் கோழி தோதுப்பட்டது. லாரித் தொழிலும் பக்கத்திலேயே இருந்தது. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது, 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது முட்டையாலேயே ஊர் பேர் வாங்கியிருந்தது.

முட்டைக்கோழி பெரும்பாலும் பண்ணைக்காரரின் சொந்தக் கோழி. கறிக்கோழிக் கணக்கு வேறு. குஞ்சு, தீவனம், மருந்து கறிக்கோழிக் கம்பெனியுடையவை. ஷெட், தண்ணீர், கரண்ட், தூக்கம் கெடுவது விவசாயியுடையவை. நாற்பது நாள் வாக்கில் லாரி வந்து எடை போட்டு ஏற்றிப் போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி மிஞ்சும். பேசி முடித்த தொகை என்ற பழைய பொருளுக்கே பார்ம் திரும்பிவிட்டது. ஊர் அவரை பார்ம் ஓனர் என்கிறது. வந்த விருந்தாளிக்கு அந்த ஷெட்டிலிருந்து ஒரு கோழியைப் பிடித்து அடிக்க அவருக்கு உரிமை இல்லை.