சமயபாட வேளையில் மோர்டன்

மோர்டன் சவுத் ரயில் நிலையத்தை ஒட்டி பைத்துல் ஃபுதூஹ் பள்ளிவாசல் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் எக்ஸ்பிரஸ் டெய்ரியின் பால் தொழிற்சாலை இருந்தது. 1950களில் மோர்டன் லண்டனோடு சேரவில்லை, சரே மாவட்டத்து ஊர். அன்றைய அரசுப் பள்ளியில் காலை கூட்டு வழிபாட்டோடு விடியும். பிறகு சமயபாடம், அதாவது வேதாகமம். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இரண்டையும் கட்டாயமாக்கியிருந்தது. எந்தச் சமயத்தைக் கற்பிப்பது என்று அந்தச் சட்டம் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. விரும்பாத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டாரின் சமயத்தைப் பற்றி வகுப்பில் பேச்சே கிடையாது.

மாற்றம் மெல்ல வந்தது. 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் சமயங்களை ஆராயும் துறையைத் தொடங்கினார். பிள்ளையை எந்த நம்பிக்கைக்கும் இழுக்காமல் எல்லாச் சமயங்களையும் அறியவைக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து ஆசிரியர்களிடம் பரவியது. 1975இல் பர்மிங்காம் நகரம் பல சமயங்களைக் கொண்ட பாடத்திட்டத்தை வெளியிட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவத்துக்கு முதன்மை கொடுத்தது. அதே வரியில் நாட்டின் மற்ற முக்கிய சமயங்களையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. அந்த அரை வரிக்குள்தான் நம்முடைய பிள்ளையாரும் முருகனும் இங்கிலாந்தின் வகுப்பறைக்குள் வந்தார்கள்.

அதற்குள் மோர்டனைச் சுற்றி வேறு மனிதர்கள் குடியேறியிருந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர் டூட்டிங், மிச்சம், மோர்டன் என்று வந்து சேர்ந்தனர். 1984இல் பாகிஸ்தான் பிறப்பித்த அவசரச் சட்டம் அஹ்மதியா சமயப் பிரிவினர் தங்களை முஸ்லிம் என்று சொல்வதையே குற்றமாக்கியது. அவர்களின் தலைவர் அதே ஆண்டு லண்டனுக்கு வந்தார். அந்தச் சமூகம் 2003 அக்டோபரில் பைத்துல் ஃபுதூஹைத் திறந்தது. பக்கத்து விம்பிள்டனில் நம்மவரின் கணபதி கோவில் 1981 முதல் இருக்கிறது. ஓராண்டு இடைவெளியில் ஊரை விட்டு ஓடவேண்டி வந்த இரண்டு சனங்கள் ஒரே பேருந்தில் போகிறார்கள். மோர்டனைப் பற்றி என் மனதில் எப்போதும் நிற்பது இதுதான்.

நம் பெற்றோருக்கு இங்கே நடக்கும் சமயபாடம் புதிது. இலங்கையில் சமயபாட வேளை வந்தால் வகுப்பு பிரியும். சைவப் பிள்ளைகளுக்குச் சைவம், கத்தோலிக்கருக்குக் கத்தோலிக்கம், முஸ்லிம்களுக்கு இஸ்லாம். அவரவர் சமயத்தை ஆழமாகப் படித்தோம், அதில் நன்மை உண்டு. ஆனால் பக்கத்து மேசைப் பிள்ளை என்ன படிக்கிறாள் என்று பத்தாண்டு ஒன்றாகப் படித்தும் தெரியாமலே வளர்ந்தோம். இங்கே வகுப்பு பிரிவதில்லை. 2016இல் தொடங்கிய சமயபாடத்துக்கான புதிய ஜி.சி.எஸ்.இ. தேர்வுப் பாடத்திட்டத்தில் இரண்டு சமயங்களைப் படித்தாக வேண்டும். கந்தசஷ்டிக்கு விரதம் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை கிறிஸ்தவத்தையும் இஸ்லாத்தையும் எடுத்துத் தேர்வு எழுதுகிறது.

இந்தப் பாடத்தின் ஒரு பகுதியாகப் பள்ளிவாசலுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னால் தமிழ்ப் பிள்ளைக்கு அது பழகிய வேலை. உள்ளே போனதும்தான் கேள்வி: சாமி எங்கே? படமோ சிலையோ இல்லாத பெரிய மண்டபம், வரிவரியாகக் கோடிட்ட கம்பளம், எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நிற்பதற்கான ஏற்பாடு. அந்தக் கேள்விக்கு அங்கேயே, அங்கு தொழுகிறவர்கள் வாயாலேயே பதில் கிடைக்கிறது. நான் பெரிதாக மதிப்பது அதைத்தான். கோவிலுக்கு வருகிற பாகிஸ்தான் வீட்டுப் பிள்ளை யானைத் தலை ஏன் என்று கேட்கும்போதும் இதுவே நடக்கிறது.

1944இல் தந்த விலக்கு உரிமை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அன்று அது சிறுபான்மையினருக்குக் காவல். இன்று நாட்டில் சில பெற்றோர் மற்றப் பாடங்களுக்கு விட்டுவிட்டு, பள்ளிவாசல் போகும் நாளில் மட்டும் பிள்ளையை வீட்டில் வைக்கிறார்கள். அதில் நம்மவர் யாரும் சேரக்கூடாது. நம் கோவிலை ஒருவர் அப்படி ஒதுக்கினால் நமக்கு எப்படி வலிக்கும் என்பது தெரிந்தவர்கள் நாம்.

இன்னொரு பக்கம், பாடமே மெலிகிறது. 2010இல் அரசு அறிவித்த இ-பாக் என்ற முக்கிய பாடங்களின் தொகுப்பில் சமயம் இடம்பெறவில்லை. பல பள்ளிகளில் வேறு பாட ஆசிரியரே இதையும் எடுக்கிறார். நாடு முழுவதற்கும் ஒரே சமயப் பாடத்திட்டம் என்று இங்கிலாந்தில் கிடையாது, ஒவ்வொரு உள்ளூராட்சியும் வகுக்கிறது. மோர்டன் அடங்கிய மேர்ட்டன் உள்ளூராட்சியிலும் அதற்கு ஆலோசனைக் குழு உண்டு. இங்கிலாந்துத் திருச்சபை, மற்ற சமயத்தார், ஆசிரியர், மாநகரசபை என்று நான்கு தரப்பு அதில் உட்காரும். பாடத்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது திருப்பிப் பார்க்க வேண்டும். கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோரில் நாலு பேராவது அங்கே போய் உட்கார வேண்டும், நம் சமயத்துக்காக மட்டுமல்ல, இந்தப் பாட வேளைக்காக.