மூடுபனியும் மஞ்சட் சட்டையும்

ஆடைக்குப் பயன் இரண்டு என்பது பழைய கணக்கு. மானங் காப்பது ஒன்று. குளிரும் வெயிலும் தாக்காமற் காப்பது மற்றொன்று. அழகு செய்வதை மூன்றாவதாகச் சேர்ப்பாரும் உளர். கடந்த அறுபது ஆண்டுகளுக்குள் நான்காவதாக ஒரு பயன் வந்து சேர்ந்திருக்கிறது. உடுத்தவர் எங்கே நிற்கிறார் என்பதைத் தூரத்தில் வருபவருக்கு அறிவிப்பதே அது. பண்டாரவளையிலிருந்து எல்ல செல்லும் வீதியிலே திருத்த வேலை நடக்கும் நாட்களில், எலுமிச்சம்பழ மஞ்சளில் வெள்ளி நாடா தைத்த மேற்சட்டை அணிந்தவர் சிலரைக் காணலாம். வளைவில் திரும்பும் பஸ் சாரதி, மனிதரைக் காணுமுன்னே அந்தச் சட்டையைக் கண்டு வேகத்தைக் குறைக்கிறார். அச்சட்டையைப் பற்றியும், அதே மலைச்சரிவில் அது எட்டாதிருப்பவர்களைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

சட்டையின் வரலாறு சுவையானது. 1930களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்விட்சர் என்ற குடும்பப் பெயருடைய சகோதரர் இருவர் இருந்தனர். அவர்களுள் றொபேட் என்பவர் வேலைத்தலத்தில் நேர்ந்த விபத்தொன்றினாற் பார்வை பாதிக்கப்பட்டு, இருண்ட அறையில் தங்கியிருக்க நேர்ந்தது. புறஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் பொருள்களில் அவருக்கு ஆர்வம் வளர்ந்தது அக்காலத்திலேதான். சகோதரர் இருவரும் ஆக்கிய ஒளிர்சாயங்கள் இரண்டாம் உலகப் போரிலே சைகைத் துணிகளுக்குப் பயன்பட்டன. தொழிலாளியின் முதுகுக்கு அந்த நிறம் வந்தது அதற்கும் பிந்தி. 1964ஆம் ஆண்டு, ஸ்கொத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில், மின்சார வண்டி ஓடும் புகையிரதப் பாதையொன்றில் வேலை செய்தவர்களுக்குச் செம்மஞ்சள் மேற்சட்டை கொடுத்துச் சோதித்தார்கள். நீராவி வண்டி இரைந்து புகைந்து தன் வருகையைத் தானே அறிவிக்கும். மின்சார வண்டிக்கு அந்த மரியாதை கிடையாது. அச்சட்டைக்கு மின்மினியின் பெயரைச் சூட்டினர். பொருத்தமான பெயர்தான். வேலைத்தலத்திற் காயம்பட்ட ஒருவரின் இருளறையிலே தொடங்கிய கதை, வேலைத்தலத்திற் பிறரைக் காக்கும் ஆடையில் வந்து நின்றது.

சாதாரண மஞ்சள் துணி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், அவ்வளவே. ஒளிர்சாயமோ, நம் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரையும் உள்வாங்கி, கண் காணக்கூடிய நிறமாக மாற்றி வெளியிடுகிறது. வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்வது போன்ற தோற்றம் இதனாலேதான் உண்டாகிறது. வைகறையிலும் மப்பும் மந்தாரமுமான பகலிலும் இந்த வேறுபாடு நன்கு தெரியும். ஆனால் இரவில் ஒளிர்சாயத்தினாற் பயனில்லை. உண்பதற்குப் புறஊதா இல்லையன்றோ! ஆகவேதான் வெள்ளி நாடாவைத் தைக்கிறார்கள். நாடாவிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், வாகன விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. அடர்ந்த மூடுபனியில் இவை இரண்டுமே ஓரளவுதான் உதவும் என்பதையும் சொல்லவேண்டும். பனித்துளிகள் ஒளியைச் சிதறடித்துவிடுகின்றன. ஆயினும் சாம்பல் நிறத்தினுள்ளே சாம்பல் நிறமாய் நிற்பதற்கும், அதனுள்ளே செம்மஞ்சளாய் நிற்பதற்கும் இடையில் உள்ள சில கஜ தூரம், பாரவண்டி ஒன்றை நிறுத்தப் போதுமானதாக இருக்கலாம். பசிய சரிவிலே காந்தளைக் கண்டு பாடிய நம் பழம்புலவர்க்கு இந்த நிற நுட்பம் புதிதன்று.

சர்வதேச அளவில் 2013இல் வெளிவந்த தரநிர்ணயம் ஒன்று இவ்வாடையை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறது. ஒளிர்மஞ்சள், ஒளிர்செம்மஞ்சள், ஒளிர்சிவப்பு ஆகிய மூன்று நிறங்களுக்கே அனுமதி. ஆபத்து மிகுந்த இடத்துக்குரிய உயர்ந்த வகுப்பில் ஒளிர்துணி 0.80 சதுர மீற்றருக்கும், வெள்ளி நாடா 0.20 சதுர மீற்றருக்கும் குறையலாகாது. நாடாவின் அகலம் 50 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. எத்தனை முறை துவைக்கலாம் என்பதையும் சட்டையிலேயே குறித்திருப்பார்கள். வெயிலிலும் சவர்க்காரத்திலும் ஒளிர்சாயம் வெளுத்துவிடும். இவற்றுள் முக்கியமானது, எத்திசையிலிருந்து நோக்கினாலும் நிறமும் நாடாவும் உடம்பைச் சுற்றித் தெரியவேண்டும் என்பது. இந்த விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி ஊவாவுக்கு வருவோம். புகையிரதம் 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தெமோதரையின் சுற்றுப்பாதையும் ஒன்பது வளைவுப் பாலமும் இந்தக் கடைசிப் பகுதியின் அற்புதங்கள். ஆடி முதல் புரட்டாதி வரை உலர்ந்த காற்று வீசி, ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தைத் தருகிறது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவம் தொடங்கியதும் அதே மலைகள் முகிலுக்குள் ஒளிந்துகொள்கின்றன. அப்போது இருப்புப்பாதை தோட்டத்து மக்களுக்கு நடைபாதையும் ஆகிறது. சேறும் வழுக்கலுமான குறுக்கு வழியைவிடச் சிலிப்பர் கட்டைகளில் கால்வைத்து நடப்பது எளிது. பாதையைப் பழுது பார்ப்பவருக்குச் சிவப்புக் கொடி உண்டு, விளக்கு உண்டு, நிறச் சட்டையும் உண்டு. அதே பாதையிற் கூடையுடன் நடந்து செல்லும் பெண்ணுக்கு அவற்றுள் எதுவும் இல்லை. புகையிரதம் இருவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

அந்தப் பெண்ணின் தொழிலாடையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இடுப்பிலே படங்கு. கவாத்து வெட்டிய கிளைகளின் கூர்முனை சேலையைக் கிழிக்காமலும் பனியீரம் தொடையை நனைக்காமலும் காப்பது இதுவே. தலையில் மடித்த துணி. அதன்மேற் கூடைக் கயிறு. மழைக்குக் கம்பளி, இக்காலத்தில் அதனிடத்தைப் பெரும்பாலும் பிளாஸ்ரிக் விரிப்பு பிடித்துக்கொண்டது. தலையையும் தோளையும் ஒருங்கே மூடும் அந்தக் கறுப்புக் கம்பளி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மலைநாட்டுத் தொழிலாளியின் கூரையாயிருந்தது. அதைத் தோட்டத்தில் வழங்குவார்கள். விலையைப் பற்றில் எழுதிச் சம்பளத்திற் கழிப்பார்கள். குளிர் காக்க வந்த போர்வை கடனேட்டில் ஒரு வரியாகவும் இருந்தது.

தோட்டத் தொழிலாளியைக் கண்ணுக்குத் தெரியச் செய்யவேண்டும் என்ற எண்ணம் முன்னாளில் யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்வதற்கில்லை. தோன்றியது, வேறு நோக்கத்தோடு தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவர்களிடம், தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமும் எண்ணும் பொறித்த தகர டிக்கட் கொடுத்தார்கள். வந்தவர் வழியில் வேறெங்கும் போய்விடாமல், உரிய துரையின் தோட்டத்தில் உரிய கணக்கிற் சேர்வதற்கே அந்தத் தகரம். மலைநாட்டுத் தொழிலாளி உடம்பில் தாங்கிய முதல் அடையாளப் பொருள் இதுவே என்று கருதுகிறேன். அது காட்டியது ஆளை அன்று. ஆள் யாருக்குரியவர் என்பதையே காட்டியது.

சட்டத்தின் பார்வை எவ்வளவு தூரம் செல்கிறது? இலங்கையில் வேலைத்தலப் பாதுகாப்புக்கு அடிப்படையாயிருப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். அதன் பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. தேயிலை அரைக்கும் இடம் தொழிற்சாலை. தேயிலை வளரும் மலை தொழிற்சாலை அன்று. கொழுந்து வாடுதட்டில் விழும்போது சட்டத்தின் நிழலுக்குள் வருகிறது. கொழுந்தைக் கிள்ளியவரோ வெளியிலேயே நிற்கிறார். தோட்டத்தாருக்கும் உரிய சட்டம் ஒன்று உண்டு: 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அது பேசத் தொடங்குவது காயம்பட்ட பிறகு.

பாக்கு நீரிணைக்கு அப்பால், நீலகிரியிலும் ஆனைமலையிலும் நம்மவர் போலவே கொழுந்தெடுப்போருக்கு நிலைமை சற்று வேறாயிருந்தது. இந்தியா 1951இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டத்திலே, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழையங்கி முதலியவற்றைத் தொழில் கொடுப்போர் வழங்கவேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என ஒரு பிரிவு இருந்தது. பிற்காலத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பூச்சிமருந்து பற்றிய பாதுகாப்பையும் அதில் சேர்த்தது. ஏட்டில் இருந்ததெல்லாம் மலைக்கு வந்ததா என்பது வேறு விஷயம். ஆனாலும் கம்பளி என்ற சொல் சட்டத்தில் ஏறியது சிறிய காரியமன்று. தொழிலாளியின் கடன் கணக்கிலிருந்த பொருள், அங்கே முதலாளியின் கடமைக் கணக்குக்கு மாறியது. இரண்டு இடத்துச் சட்டத்திலும் நிறத்தைப் பற்றிப் பேச்சில்லை.

நிறத்தைப் பற்றிப் பேசத்தான் வேண்டும், பனிக்காக மட்டுமன்று. தோட்டப்புறச் செய்தி படிப்போருக்குக் குளவிக் கொட்டு என்ற தலைப்பு அடிக்கடி கண்ணிற் படும். மரக்கிளையிலோ கற்பாறையிலோ தொங்கும் கூடு ஒன்று கலைந்தால், குளவியும் மலைத்தேனீயும் கண்மூடித் தாக்கும் என்று நினைக்கிறோம். அவை கண்ணைத் திறந்துகொண்டுதான் தாக்குகின்றன. கூட்டைக் காக்கும் வேளையில் அவை கருநிறத்தையும் அசைவையுமே பெரிதும் குறிவைக்கும். தேன் எடுப்போர் வெள்ளாடை அணிவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அப்படியாயின் பனியில் மறைக்கின்ற அதே கறுப்புக் கம்பளியும் கறுப்பு விரிப்பும் குளவியின் கண்ணுக்கு மட்டும் நன்றாகத் தெரிகின்றன! வெளிர்நிற ஆடை குளவியைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டைக் கண்டறிந்து அகற்றும் முன் அந்த நிரையில் ஆட்களை இறக்காதிருப்பதே முதற் காப்பு. ஆனால் கொட்டுண்டு சிதறி ஓடியவர்களுள் ஒருவர் சரிவில் விழுந்து கிடந்தால், தேடுவோருக்கு நிறம் உதவும்.

ஆடையின் மேற் பழி போட்டுவிட்டு ஆபத்தை அப்படியே விட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. பாதுகாப்பு நூலார் இதை ஒப்புவதில்லை. ஆபத்தை நீக்குவது முதற்படி. நீக்க முடியாததைத் தடுத்து ஒதுக்குவது அடுத்தது. ஆடை கடைசிப் படி என்பதே அவர்கள் முறை. களைகொல்லிகளில் நச்சு மிகுந்த பரகுவாட், 2008க்கும் 2011க்கும் இடையில் இலங்கையில் படிப்படியாக விலக்கப்பட்டது. முகமூடியும் கையுறையும் பல ஆண்டுகளில் செய்யாததை அந்த விலக்கு செய்தது என்பேன். ஆனால் மூடுபனியை எந்த வர்த்தமானியாலும் தடைசெய்ய முடியாது. பனிக்கு ஆடையை விட்டால் நமக்கு அதிக வழியில்லை.

எனவே வீதியில் நிற்பவரின் மஞ்சட் சட்டையை வாங்கித் தோட்டத்தாருக்குக் கொடுத்துவிட்டாற் போதும் என்று சிலர் எண்ணக்கூடும். பண்டாரவளைக்கு அருகே கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மையார் ஒருவரிடம் நான் இதைக் கேட்டேன்.

“இந்த மாதிரிச் சட்டை தந்தால் போடுவீங்களா, அம்மா?”

“போடுறதுக்கு என்னாங்க சேர்? முதுகு முழுக்கக் கூடைதானே கெடக்கு. பின்னால வர்றவருக்குக் கூடை தெரியும், சட்டை எங்க தெரியப் போகுது?”

“முன்பக்கம் தெரியுமே?”

“இடுப்புக்குக் கீழ படங்கும் செடியும். மழை வந்துட்டா எல்லாத்துக்கும் மேல சீட்டைப் போர்த்திக்குவோம். பெறகு எந்தச் சட்டைங்க?”

எத்திசையிலிருந்து நோக்கினாலும் தெரியவேண்டும் என்ற அந்தச் சர்வதேச விதியை அந்த அம்மையார் மூன்று வாக்கியத்திற் சோதித்துவிட்டார். 0.80 சதுர மீற்றர் என்று அளந்தவர்கள், முதுகிலே சுமை இல்லாத, செடிக்கு நடுவில் நிற்காத உடம்பு ஒன்றை மனத்திற் கொண்டு அளந்தார்கள். அது அவர்கள் குற்றமன்று. கிளாஸ்கோவில் கொழுந்துக் கூடை கிடையாது. நமக்குரிய அளவை நாமே எடுக்கவேண்டும். கூடையோடு நிற்கும் பெண்ணின் உடம்பில், பின்னிருந்து தெரிவன தலைத்துண்டும் கூடையும்; மழையில் தெரிவது விரிப்பு ஒன்றே. நிறம் சேர வேண்டிய இடம் இவையே. விரிப்புச் செம்மஞ்சளில் இருக்கட்டும். கூடையின் விளிம்பிலே இரண்டு அங்குல வெள்ளி நாடா சுற்றட்டும். கூடைக்குப் பதிலாகப் பை வந்துவிட்ட தோட்டங்களில் பையையே அந்த நிறத் துணியில் தைக்கலாம். இவற்றின் கனம் கூடையைச் சுமப்பவருக்குத் தெரியவும் மாட்டாது.

இதற்குச் சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டார் கேட்கும் தரச்சான்றிதழுக்காக மருந்து தெளிப்போருக்கு அங்கி வாங்கும் தோட்டங்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன்னே, ஒரு கங்காணியின் கீழ் வேலை செய்யும் இருபது பேருக்கு இந்த விரிப்பையும் நாடாவையும் கொடுத்துப் பார்க்கலாம், விலையைச் சம்பளத்தில் கழிக்காமல். பனி இறங்கிய ஒரு காலையில் கொழுந்து லொறியின் சாரதி ஆசனத்தில் அமர்ந்து, இருபது பேரில் எத்தனை பேரை எண்ண முடிகிறது என்று துரையே எண்ணட்டும்.