பாட்டியின் பேச்சைப் பாட்காஸ்ட் ஆக்க எந்த சாஃப்ட்வேர்?

பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியை விட்டு விலகியது. அன்று பத்து வயதானவர்களுக்கு இன்று 80 தாண்டிவிட்டது. உங்கள் வீட்டுப் பாட்டியின் நினைவுகளைப் பதிவு செய்து பாட்காஸ்டாக வெளியிட இலவச அடாசிட்டியே போதும். சந்தா கட்டும் அடோபி ஆடிஷன் தேவையில்லை.

முதல் ஐந்து விநாடி யாரும் பேசாமல் பதிவு செய்யுங்கள். அந்தத் துண்டை மட்டும் தேர்வு செய்து, எஃபெக்ட் மெனுவின் நாய்ஸ் ரிடக்‌ஷனில் 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கிளிக் செய்யுங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்வு செய்து, அதையே மீண்டும் திறந்து ஓகே கொடுங்கள். ஒரே சீரான ஃபேன் இரைச்சல் பெருமளவு குறையும். அலையோசை மாறிக்கொண்டே இருப்பதால் அதற்கு இது அவ்வளவாக உதவாது. கடற்கரைச் சாலை வேண்டாமே!

எம்பி3 ஆக்க முன்பு 'லேம்' ஃபைலைத் தனியாக டவுன்லோட் செய்ய வேண்டும். 2019-ல் வந்த 2.3.2 பதிப்பு முதல் விண்டோஸில் அது உள்ளேயே இருக்கிறது. அரை மணி நேர மோனோ பதிவு வேவ் ஃபைலாக சுமார் 150 எம்பி. 64 கேபிபிஎஸ் எம்பி3-யில் சுமார் 14 எம்பி. வெளியிட எம்பி3 போதும். வேவ் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். எம்பி3 ஆக்கும்போது கழிந்த ஒலி விவரம் திரும்பக் கிடைக்காது.