ஓடும்போது துணை, படிக்கும்போது இடைஞ்சல்

1940 ஜூன் 23. ஜெர்மனியிடம் பணிந்து பிரான்ஸ் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டதற்கு மறுநாள். பிரிட்டனின் தொழிற்சாலைகளில் இரவு பகலாக வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சோர்ந்தவர்களுக்காக பிபிசி வானொலி அன்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. பெயர் ‘மியூசிக் ஒயில் யூ வொர்க்’. நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம், விறுவிறுப்பான மெட்டுகள். தூக்கம் வரவழைக்கும் பாட்டுகளுக்கு அதில் இடமில்லை. விறுவிறுப்பு இருந்தும் தள்ளிவைக்கப்பட்ட ஒரு பாட்டு உண்டு: ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’. நடுவே கைதட்ட வேண்டிய இடம் அதில் வரும். தொழிலாளிகள் கையிலிருந்த ஸ்பேனரால் எதிரே இருப்பதை ஓங்கித் தட்டிவிடுவார்கள் என்பதுதான் பயம்.

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்று நரம்பியல் பின்னாளில் காட்டியது. ஸ்கேன் கருவிக்குள் கை கால் அசைக்காமல் படுத்திருக்கும் ஒருவருக்குச் சீரான தாளத்தைக் கேட்கவிட்டால், கேட்கும் பகுதியோடு உடல் அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளும் சேர்ந்து இயங்குகின்றன. அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டு, உடம்பைத் தயார் செய்து வைக்கிறது. அடி எடுத்து வைக்கத் திணறும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இதையே மருந்தாக்கினார் அமெரிக்காவின் மைக்கேல் தாட். தாளம் கூட்டிய இசையைக் கேட்டபடி வீட்டிலேயே 3 வாரம் நடந்து பழகியவர்களின் நடைவேகம் 25 சதவீதம் கூடியதாக அவருடைய குழு 1996-இல் எழுதியது. உடம்புக்குள் குலைந்துபோன கடிகாரத்தின் வேலையை வெளியிலிருந்து வரும் தாளம் எடுத்துக்கொண்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் ஏற்றம் இறைத்தவர்களும் நடவு நட்டவர்களும் உலக்கை போட்டவர்களும் இதை எந்தக் கருவியும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். ஏற்றப்பாட்டு பலருடைய அசைவை ஒரே சீருக்குக் கொண்டுவந்தது. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கையும் அதுவே சுமந்தது. நடைக்கு ஒன்று, ஜிம்முக்கு ஒன்று என்று இன்று செல்போனில் நாம் பிரித்து வைக்கும் பட்டியல்களை அவர்கள் தொண்டையில் வைத்திருந்தார்கள்.

ஓட்டத்துக்கு வருவோம். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் காரஜியார்கிஸ் பல ஆண்டுகளாக உடற்பயிற்சியும் இசையும் பற்றி ஆராய்ந்துவருபவர். டிரெட்மில்லில் நடப்பவரின் காலடியும் பாட்டின் தாளமும் ஒன்றிப்போகும்படி செய்தபோது, களைத்து நிறுத்தும் வரையான நேரம் சுமார் 15 சதவீதம் நீண்டது. நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு கொண்ட பாட்டுகள் பெரும்பாலான உடற்பயிற்சிக்குப் பொருந்துகின்றன. ஆனால், இதற்கு ஓர் எல்லை உண்டு. பேசமுடியாத அளவு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால், ‘எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது’ என்ற உணர்வைப் பாட்டால் அவ்வளவாகக் குறைக்க முடிவதில்லை. உடம்பின் கூக்குரல் அப்போது காதை முந்திக்கொள்கிறது.

காலுக்கு இத்தனை உதவும் அதே பாட்டு புத்தகத்தின் முன் உட்கார்ந்ததும் எதிராளியாகிவிடுகிறது. தேர்வுக் காலத்தில் காதில் ஹெட்போனோடு படிக்கும் பிள்ளைகள் இல்லாத வீடு இன்று அபூர்வம். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மௌனமாகப் படிக்கும்போதும் நமக்குள் ஒரு குரல் வாசித்துக்கொண்டே வருகிறது. ஒரு வாக்கியம் முடியும்வரை அதன் தொடக்கத்தைப் பிடித்துவைப்பதும், ஒரு சூத்திரத்தை வரிசை மாறாமல் நினைவில் நிறுத்துவதும் அந்தக் குரலின் வேலை. காதில் விழும் பேச்சும் பாட்டு வரியும் கேட்காமலே அதே இடத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. ‘எனக்குத் தெரியாத மொழிப் பாட்டுதானே’ என்றும் தப்பிக்க முடியாது. 1976-இல் கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள், ஜெர்மன் அறியாத மாணவர்களை எழுத்துகளின் வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு, பின்னணியில் காஃப்காவின் கதை ஒன்றை ஜெர்மனில் வாசிக்கவிட்டார்கள். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அவர்களுடைய தவறுகள் கூடின. பிடித்த பாட்டு என்றால் பரவாயில்லையா என்று 2011-இல் நிக் பெர்ஹாமும் ஜோவான் விசார்டும் சோதித்தார்கள். பிடித்த இசை, பிடிக்காத இசை இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கெடுத்தன. அமைதியே நல்ல பலன் தந்தது.

‘பாட்டு இல்லாமல் எனக்குப் படிப்பே ஏறாது’ என்று சொல்லும் மாணவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். சோம்பல் கலைகிறது, மனசு எழுகிறது. அது உண்மையான பலன். பாட்டைப் படிப்பதற்கு முன்பு வைத்துக்கொண்டால் அந்தப் பலனை நஷ்டமில்லாமல் பெறலாம். இதற்குச் சான்று, உலகமே தவறாகப் புரிந்துகொண்ட ஓர் ஆய்வில் இருக்கிறது.

1993-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த ஆய்வில் 36 கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் மொசார்ட் கேட்டார்கள். பிறகு வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் புதிர்களில் சற்று அதிக மதிப்பெண் பெற்றார்கள். கால்மணி நேரத்துக்கு மேல் நீடிக்காத பலன் அது. அது ‘மொசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும்’ என்று ஊதிப் பெருத்தது. பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998-இல் 1,05,000 டாலர் கேட்டார். மறு ஆண்டே கனடாவில் நான்டைஸ், ஷெல்லன்பெர்க் இருவரும் மொசார்ட்டுக்குப் போட்டியாக ஸ்டீபன் கிங்கின் கதை ஒன்றைக் கேட்கவைத்தார்கள். இசையை விரும்பியவர்கள் இசைக்குப் பின்பும், கதையை விரும்பியவர்கள் கதைக்குப் பின்பும் புதிர்களை நன்றாகப் போட்டார்கள். பலனைத் தந்தது மொசார்ட்டின் மேதைமை அல்ல, கேட்டவரின் ரசனை.

இந்த ரசனைக்கு ரசாயனமும் உண்டு. மாண்ட்ரியாலில் வலோரி சலிம்பூர் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மெய்சிலிர்க்கவைக்கும் இசையைத் தேர்ந்து கொண்டுவரும் பொறுப்பைப் பங்கேற்றவர்களிடமே விட்டார்கள். சிலிர்ப்பு உச்சத்தில் மூளையில் டோபமைன் சுரந்தது. உச்சம் வரப்போகிறது என்று காத்திருந்த நொடிகளிலும், மூளையின் வேறொரு பகுதியில் அது சுரந்தது. பல்லவி திரும்பும் இடம் நெருங்கும்போது நமக்குள் எழும் தவிப்பும் இன்பத்தின் பங்குதான். அந்தத் தவிப்பு பாட்டை முன்பே அறிந்தவருக்கே முழுதாகக் கிடைக்கும். ‘ஃபோகஸ்’ என்றும் ‘எனர்ஜி’ என்றும் பெயரிட்டுச் செயலிகள் எல்லாருக்குமாகக் கட்டித்தரும் பட்டியல்களை நான் முழுதாக நம்பாததற்குக் காரணம் இது. ஓட்டத்துக்கான வேகத்தை அவற்றால் கணக்கிட முடியும். எந்த மெட்டுக்காக உங்கள் உடம்பு காத்திருக்கிறது என்பது நீங்கள் கேட்டு வளர்ந்த பாட்டுகளில் இருக்கிறது.

படுக்கைக்கு மட்டும் இந்தப் பரிச்சயம் உதவாது. 2021-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழு, உறங்கப்போகும் நேரத்தில் சிலருக்குப் பிரபலமான பாட்டுகளையும், வேறு சிலருக்கு அதே பாட்டுகளின் வரியில்லாத வாத்திய வடிவத்தையும் போட்டது. வாத்தியம் கேட்டவர்களுக்குத்தான் மெட்டு தலைக்குள் விடாமல் சுற்றியது; தூக்கமும் அதிகம் கெட்டது. வரியைப் பிடுங்கிவிட்டால், தெரிந்த மனசு அதைத் தானே நிரப்பத் தொடங்கிவிடுகிறது போலும். திரைப்பாட்டை வீணையிலும் புல்லாங்குழலிலும் போட்டுக்கொண்டு படுக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. அதற்குப் பதிலாக, மனப்பாடம் ஆகாத ஒரு ராக ஆலாபனையை, விளக்கை அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேட்டு முடித்துவிடுவது நல்லது.