வீட்டு நாயின் இரத்தச் சோகை

நம் வீட்டு நாயின் ஈறுகளை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கண்ணைப் பார்த்திருப்போம், வாலைப் பார்த்திருப்போம். உதட்டை விலக்கி ஈறுகளின் நிறம் என்னவென்று நோக்கும் பழக்கம் பெரும்பாலோருக்கு இல்லை. எனக்கும் இருந்ததில்லை. சிகந்தராபாத் மாரேடுபள்ளியில் நாங்கள் வளர்த்து வரும் பெண் நாய், ஒரு சித்திரை மாதத்தில் மாடிப்படி ஏற மாட்டாமல் இரண்டாம் படியிலேயே படுத்து மூச்சு வாங்கிற்று. வெயிலின் கொடுமை என்றே எண்ணினோம். மறுநாள் அதன் சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அப்பொழுதுதான் உதட்டை விலக்கிப் பார்த்தோம். ஈறுகள் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளுத்திருந்தன. கண்ணின் வெண்மையில் மஞ்சள் படர்ந்திருந்தது.

இந்நோயைத் தன்னெதிர்ப்பால் வரும் இரத்தச் சோகை எனலாம். உடலைக் காக்க ஏற்பட்ட எதிர்ப்புச் சக்தி, தன் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களையே பகையென்று தவறாகக் கருதி அழிக்கத் தொடங்குகிறது. நாயின் சிவப்பணு சாதாரணமாக ஏறக்குறைய நான்கு மாதம் வாழும். இந்நோயிலோ சில நாட்களுக்குள் மண்ணீரலும் கல்லீரலும் அவற்றைக் கூட்டங் கூட்டமாக விழுங்கிவிடுகின்றன. எலும்பு மச்சை புதிய அணுக்களை உற்பத்தி செய்ய முனைந்தாலும், அம்முயற்சி பலன் தர மூன்று நான்கு நாட்களேனும் ஆகும். அந்த இடைவெளியில்தான் உயிர் ஊசலாடுகிறது. நல்ல நிலையிலுள்ள நாயின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருக்கும். எங்கள் நாய்க்கு அன்று 14.

எதிர்ப்புச் சக்தி ஏன் இவ்வாறு தடுமாறுகிறது? சில வேளைகளில் காரணமே புலப்படுவதில்லை. காக்கர் ஸ்பேனியல் போன்ற சில இனங்களில் இது மிகுதி. ஆனால் நம் நாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணியையே. உண்ணி கடிக்கும்போது இரத்தத்தில் புகும் நுண்ணுயிர்களுள் ஒன்று பபேசியா கிப்சோனி என்பது. இதற்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பாட்டன் என்னும் ஆராய்ச்சியாளர் இதை முதன்முதலாக விவரித்து எழுதியது 1910-இல். கண்டறிந்தது சென்னையில், மெட்ராஸ் ஹண்ட் என்ற வேட்டைச் சங்கத்தின் நாய்களுடைய இரத்தத்தில். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டது 1897-இல், எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பேகம்பேட்டையில். இரத்தத்தில் குடிபுகும் நுண்ணுயிர்களின் வரலாற்றில் நம் ஊர்களுக்கு இப்படியொரு பங்கு இருக்கிறது. பெருமைப்படுவதா என்பது வேறு விஷயம்.

உண்ணி என்ற சொல்லே எனக்கு அன்று இடறாகிவிட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன், தெலுங்கு டாக்டரிடம் ‘பூச்சி’ என்று சொல்லிவிட்டு நின்றேன். அவர் வயிற்றுப்பூச்சியென்று கொண்டார். பின்னர் விரலால் காதைச் சுட்டிக் காட்டிய பிறகே ‘பிடுது’ என்று சிரித்தார். இந்திப் பகுதிகளில் வாழும் அன்பர்கள் ‘கில்னி’ என்று சொன்னால் புரியும். அயல் மாநிலத்தில் வாழ்கின்றவர்கள் நாய்க்குரிய நோய்க்குறிகளைத் தேதியிட்டு எழுதி, உள்ளூர் மொழி அறிந்த அண்டை வீட்டாரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுச் செல்வது நலம். இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் உண்டா இல்லையா என்று தெளிவது மிக முக்கியம். ஏனெனில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, உள்ளே ஒளிந்திருக்கும் நுண்ணுயிருக்கு வசதியாகிவிடலாம்.

சிவப்பணு மிகக் குறைந்துவிட்டால் பிற நாயின் இரத்தம் செலுத்த நேரிடும். இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான நாயிடமிருந்து சுமார் 450 மில்லி எடுக்கலாம். சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கென இரத்த வங்கி இருக்கிறது. எல்லா ஊர்களிலும் அத்தகைய வசதி கிடையாது. எங்களுக்குக் கைகொடுத்தது எதிர்வீட்டு ரெட்டிகாருவின் லாப்ரடார் நாய். பொருத்தம் பார்த்து இரத்தம் ஏற்றிய அன்று இரவு எங்கள் நாய் தலை தூக்கித் தண்ணீர் குடித்தது. ஏற்றிய இரத்தம் நோயைத் தீர்ப்பதில்லை. மருந்து வேலை செய்யும்வரை அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவே.

மருந்துகளுள் தலையாயது பிரெட்னிசோலோன். கார்ட்டிசோன் வகையைச் சேர்ந்தது. கார்ட்டிசோன் ஆராய்ச்சிக்காகக் கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். தொடக்கத்தில் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வரை தருவதுண்டு; அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டரே. இத்துடன் அசாத்தியோப்ரின், சைக்ளோஸ்போரின் போன்றவற்றில் ஒன்றையும் சேர்க்கலாம். இந்நோயில் இரத்தம் உறைந்து நுரையீரலில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டாதலின், அதைத் தடுக்கவும் தனி மாத்திரை தருவர். முதல் இரண்டு வாரங்களே ஆபத்து மிகுந்தவை. மூச்சு திடீரென்று திணறினால் விடியும்வரை காத்திருக்கலாகாது.

இனி மருந்தின் பக்க விளைவுகள். நோயைக் கண்டு அஞ்சாத குடும்பங்கள்கூட இவற்றைக் கண்டு கலங்கிவிடுகின்றன. நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு வெட்கத்துடன் மூலையில் ஒதுங்கும். அதனிடம் கோபிக்கலாகாது, தண்ணீரையும் குறைக்கலாகாது. நடு இரவில் ஒருமுறை வெளியே அழைத்துச் செல்வதே வழி. எங்கள் வீட்டில் அம்முறை என்னுடையதாயிற்று. பசியோ சொல்லி முடியாது. குப்பைக் கூடையைக் கவிழ்த்தது. ஆறவைத்திருந்த இட்லிகளை ஒன்றுவிடாமல் தின்றது. தொடைச் சதை வற்றி, வயிறு மட்டும் பானைபோல் சரிந்தது. மருந்தைக் குறைக்கக் குறைக்க இவை பெரும்பாலும் மாறிவிடும். மாறாகச் சில அடையாளங்கள் உடனே கவனிக்கத் தக்கவை: தார்போல் கறுத்த மலம் குடற்புண்ணைக் குறிக்கலாம், 103 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல் வேறு நோய் தொற்றியதைக் காட்டலாம். வலி நீங்கட்டுமென்று மனிதர்களுக்குரிய வலி மாத்திரைகளை இத்துடன் கொடுப்பது பெருந்தீங்கு. அசாத்தியோப்ரின் மாத்திரையை வெறுங்கையால் உடைக்கலாகாது. கருவுற்ற பெண்கள் தொடவே வேண்டாம். அம்மருந்து மச்சையையும் கல்லீரலையும் தாக்கக்கூடுமாதலால் குறித்த நாட்களில் இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. சைக்ளோஸ்போரின் வாந்தியை உண்டாக்கலாம். நெடுநாள் தந்தால் ஈறு தடிப்பதும் உண்டு. தடுப்பூசித் தவணை வந்தால் இந்நோயைப் பற்றிச் சொல்லி, டாக்டரின் ஆலோசனைப்படியே செய்ய வேண்டும்.

நாங்கள் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வாரத்தில் சிவப்பணு 36-க்கு உயர்ந்தது. நாய் பழையபடி குரைத்தது. ‘ஸ்டீராய்டு விஷமல்லவா, இன்னும் எதற்கு?’ என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். மனைவிக்கும் நாயின் வற்றிய உடலைக் காணப் பொறுக்கவில்லை. நானே மாத்திரையைப் பாதியாக்கினேன். நான்கு நாள் கழித்து நிறுத்தியே விட்டேன். பத்தாம் நாள் ஈறுகள் மறுபடி வெளுத்தன. இம்மருந்தை உட்கொள்ளும்போது உடல் தன் சொந்த கார்ட்டிசோன் உற்பத்தியை நிறுத்திவைக்கிறது. திடீரென்று மருந்தை விட்டால் நோய் திரும்புவதோடு, உடலுக்கு இன்றியமையாத அச்சுரப்பும் இல்லாமற் போய் நாய் சோர்ந்து விழக்கூடும். சில வாரங்களுக்கு ஒருமுறை கால் பங்கு வீதம், ஒவ்வொரு முறையும் இரத்தத்தைச் சோதித்த பின்பே குறைப்பது வழக்கம். இதற்கு ஆறு மாதமும் ஆகலாம். எங்களுக்கு என் அவசரத்தால் ஒன்பது மாதமாயிற்று.

உணவு விஷயத்தில் நம்மவர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. வெங்காயமும் பூண்டும் எந்த நாயின் சிவப்பணுவையும் சிதைக்கும். எனவே மீந்த சாம்பார் சாதமும் ரசமும் அதற்கு ஆகா. இரத்தம் ஊறும் என்று வெங்காயம் வதக்கிச் சேர்த்த ஈரலை ஊட்டுவோரைப் பார்த்திருக்கிறேன். வெந்த கோழிக்கறியும் சோறும் போதும். கசக்கும் பிரெட்னிசோலோனைச் சிறு இட்லித் துண்டில் மறைக்கலாம். உண்ணிக் காய்ச்சலுக்குரிய டாக்சிசைக்ளினைப் பால் தயிருடன் தராமல், உணவோடு கொடுத்துத் தண்ணீர் குடிக்கச் செய்வது நன்று. துணிப்பெட்டியில் போடும் நாப்தலீன் உருண்டையும் சிவப்பணுவுக்குப் பகை; நாயின் வாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

சொந்த ஊர் செல்லும் விடுமுறை நாட்களில் இச்சிகிச்சை இடைமுறிவது இயல்பு. அந்த ஆண்டு தீபாவளிக்கு நாங்கள் தஞ்சாவூர் செல்லவில்லை. அம்மாவும் அப்பாவும் இங்கே வந்தார்கள். செல்லத்தான் வேண்டுமென்றால் பத்து நாள் மருந்து கூடுதலாக வாங்கி, கடைசி மூன்று இரத்தப் பரிசோதனைத் தாள்களின் நகலும் எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள டாக்டருக்கு அவை பெரிதும் உதவும். எங்கள் நாயின் கடைசி மாத்திரை தை மாதத்தில் முடிந்தது. சென்ற வாரம் சோதித்ததில் சிவப்பணு 41. மாடிப்படி ஏறுகிறது; ஏறியதும் முதல் வேலையாக நான் அதன் உதட்டை விலக்குவதைப் பொறுத்துக்கொள்கிறது.