மனத்திலும் களை எடுப்போம்

களையைப் பிடுங்கிய பின் நிலத்தை வெறுமனே விட்டுவைத்தால், சில நாட்களில் களையே மீண்டும் தலைதூக்கும். இதனை விவசாயப் பெருமக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மனத்தின் இயல்பும் அத்தகையதே. அதைரியம் தரும் எண்ணத்தை அகற்றுவதோடு நில்லாமல், அவ்விடத்தில் நல்லதொரு எண்ணத்தை நடவும் வேண்டும்.

நாம் ஒவ்வொருவரும் நாள் முழுவதும் நமக்குள்ளேயே பேசிக்கொள்கிறோம். துன்பம் நேர்ந்த காலத்தில் இப்பேச்சு நம்மை அறியாமலே எழுகிறது. நாமும் அதனை ஆராயாமல் நம்பிவிடுகிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960ஆம் ஆண்டுகளில் தம் நோயாளிகளிடம் இதனைக் கண்டறிந்தார். அவ்வெண்ணங்களை எடுத்து ஆராயக் கற்பிக்கும் சிகிச்சை முறையையும் வகுத்தார். அது இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது.

வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் மூழ்கிய ஓர் ஆண்டில், எங்கள் வட்டாரத்தில் சேதக் கணக்கெடுப்பு நடைபெற்றது. நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் சேதமுற்ற பயிருக்கு நிவாரணம் உண்டு. எனினும் ஒரு விவசாயி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. “நான் தொட்டது எதுவும் துலங்காது, எனக்கு எதுவும் கிட்டாது” என்பதே அவர் பேச்சு. அண்டை வயல்காரர் ஒருவர் அவர் அருகில் அமர்ந்து, “சென்ற ஆண்டு களத்தில் நெல் குவித்தது யார், அண்ணே?” என்று கேட்டார். சிறிது நேர மௌனத்திற்குப் பின், “இந்தச் சம்பா போயிற்று, நிலம் போகவில்லை” என்றார் அவர். அன்று மாலையே சிட்டா, அடங்கல் நகல்களுடன் கிராம நிர்வாக அலுவலரைக் கண்டார். நீர் வடிந்த பின் தை மாதத்தில் உளுந்தும் விதைத்தார். அவர் கடன் அன்றே தீர்ந்துவிடவில்லை. ஆனால் காலம் கடந்துபோகாமல் காரியம் நடந்தது.

இதற்கான முறை எளிது:

1. மனம் சோர்வுறும்போது, உள்ளே எழுந்த வாக்கியம் யாது என்பதைக் கவனித்து, இயன்றால் எழுதிவைக்க வேண்டும்.

2. “எப்போதும்”, “எல்லாம்”, “ஒருபோதும்” என்னும் சொற்கள் அதில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இவை பெரும்பாலும் மிகைச் சொற்களே.

3. இதே நிலையிலுள்ள அண்டை வீட்டாருக்கு என்ன சொல்வோமோ, அதனையே நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

4. புதிய வாக்கியம் உண்மையானதாகவும், இன்று செய்யத்தக்க ஒரு செயலைக் காட்டுவதாகவும் இருத்தல் வேண்டும்.

நான்காவது விதி முக்கியமானது. வெறும் புகழுரை பயன் தராது. தம்மைத் தாழ்வாக மதிப்போர் தம்மைப் பற்றி உயர்வாகச் சொல்லிக்கொண்டால் மேலும் சோர்வடையக்கூடும் என்று கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2009இல் வெளியிட்டனர். “எனக்குக் குறையே இல்லை” என்பதை மனம் நம்பாது. “கடன் இருக்கிறது, நாளை கூட்டுறவுச் சங்கச் செயலாளரைக் கண்டு தவணை கேட்பேன்” என்பதை நம்பும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் இதில் கடமை உண்டு. நொடித்தவரைப் பலர் முன்னிலையில் இகழும் சொல்லே பின்னர் அவர் உள்ளத்தின் சொல்லாகிவிடுகிறது. மேலும், உள்ளப்பேச்சைத் திருத்துவது மட்டுமே எல்லா நோய்க்கும் மருந்தாகாது. ஒருவர் இரண்டு வாரங்களுக்கு மேல் ஊணுறக்கம் இழந்து வாடினால், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வாழ்வை வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை அவர் கைக்கெட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும்.

ஏரியும் வாய்க்காலும் செப்பனிடும் நாம், அவற்றால் பயன்பெறும் மனிதரின் உள்ளத்தையும் பேணுவோமாக. இன்று இரவே ஒரு களையைப் பிடுங்குங்கள். அவ்விடத்தில் ஒரு நாற்றை நடுங்கள்.